குவார்ட்டர்ஸா, கம்பெனி எடுத்துத் தரும் வீடா, அட்வான்ஸ் கடனா?

நாகர்கோவில் பக்கம் ஆஸ்பத்திரியோ ஹோட்டலோ ஐ.டி. கம்பெனியோ நடத்துகிறவர் ஊழியருக்கு வீட்டு உதவி தர நினைத்தால், யாருக்கு அது வேண்டும் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முந்திரி ஆலைக்குப் போகும் கருங்கல், குழித்துறைப் பெண்களில் பெரும்பாலோர் சொந்த ஊரிலிருந்தே வருகிறவர்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பகல் ஷிஃப்ட் என்றால் அவர்களுக்கு வீடு தேவையே இல்லை. ஆசாரிப்பள்ளத்தில் இரவு பத்து மணிக்கு டூட்டி முடித்து வெளியே வரும் நர்ஸுக்கும், வடநாட்டிலிருந்து வந்த ஹோட்டல் பையனுக்கும்தான் தேவை.

குவார்ட்டர்ஸ் கட்டுவது தோட்டத்துக்குப் பொருந்தும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு தர வேண்டும் என்றது. ரப்பர் காட்டுக்குள் வேறு வீடு ஏது? டவுனில் சென்ட் விலைக்கு இது கட்டுப்படியாகாது. அதைவிடப் பெரிய குறை, வேலை போன அன்றே கூரையும் போய்விடும். குடும்பம் காலி செய்ய மறுக்கும், கம்பெனி கணக்கை முடிக்காமல் வைத்துக்கொள்ளும், வழக்கு வரும். தனியாட்களுக்கு ஹாஸ்டல் போடலாம். பெண்களுக்கு என்றால் 2014 தமிழ்நாடு விடுதிச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்காமல் திறக்கக் கூடாது.

கம்பெனி பெயரில் வாடகைக்கு எடுத்து ஊழியரைக் குடிவைப்பது வேகமான வழி. ஆனால் எட்டுப் பேரை ஒரே வீட்டில் அடைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் வைத்தால் ஒரு நாளைக்கு 1,080 லிட்டர் வேண்டும். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் காணாது, மோட்டார் ஓயாமல் ஓடும். இரண்டு மாதக் கரண்ட் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்த்தட்டு யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். பிறகு பில்லைப் பங்கு போடுவதில் சண்டை.

வயலை நிரப்பிய மனையில் கட்டிய வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் நிலத்தடி நீர் ஏறும். செப்டிக் டேங்க் தண்ணீரை மண் இழுக்காது, கக்கூஸ் நிரம்பி வழியும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காம்பவுண்டுச் சுவரின் அடியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பாசிக்கோடு இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

சம்பளத்தோடு வாடகைப் படி கொடுப்பது கம்பெனிக்குச் சுலபம். புதிய ஊதியச் சட்டத்தில் படிகள் மொத்தமாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிஞ்சியது ஊதியக் கணக்கில் சேரும், பி.எஃப். பிடித்தமும் கூடலாம். ஆனால் ஊழியர் திணறுவது மாத வாடகையில் அல்ல, அட்வான்ஸில். மாதம் 2,000 ரூபாய் படி அரிசிக்கும் பீஸுக்கும் போய்விடும். அட்வான்ஸுக்கு வேண்டிய தொகை மொத்தமாகச் சேராது.

அதனால் குடும்பக்காரர்களுக்கு எங்கள் வாக்கு அட்வான்ஸ் கடனுக்கே. 8,000 ரூபாய் வாடகை வீடு, மூன்று மாத அட்வான்ஸ் என்று வையுங்கள். 24,000-ஐக் கம்பெனி நேராக வீட்டுக்காரர் கணக்கில் போட்டு, மாதம் 2,000 வீதம் வட்டியில்லாமல் 12 தவணையில் பிடிக்கும். ஒப்பந்தம் ஊழியர் பெயரில் இருக்கும். கடன் தீருமுன் வீட்டைக் காலி செய்தால் மீதித் தொகை கம்பெனிக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை அதில் சேர்த்து, வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுதி, குறித்த காலத்துக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் முக்கியம். வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

ஒத்திக்கு, அதாவது மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்க, பணம் கேட்கும் ஊழியருக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று எடுத்து, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்திக்குப் பலம் கிடையாது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

கம்பெனி பெயரில் எடுத்த வீடு என்றால், வேலையை விட்டபின் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதை வேலையில் சேரும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 60 நாளுக்குக் குறையாமல் இருக்கட்டும். பள்ளியில் பிள்ளை படிக்கிற வீடு என்றால் ஏப்ரல் பரீட்சை முடியும் வரை.