ஹேய்ஸ் ஆற்று வரைபடம்: அச்சு அருமை, குறிப்பேடு போதாது

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்புறத் தெருவொன்றில், பழைய நிலவரைபடங்களை மறு அச்சிட்டு விற்கும் சிறு கடையில், கனடாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஹேய்ஸ் ஆற்றின் பிரெஞ்சு வரைபடம் ஒன்றை வாங்கினேன். சட்டத்துடன் விலை 1,450 ரூபாய். தாள் தடிமனானது, கழிமுகத்தின் மெல்லிய கோடுகளும், பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆற்றுக்கு வைத்த சேன்த் தெரேஸ் என்ற பெயரும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

குறை, படத்தோடு தரும் தமிழ்க் குறிப்பேட்டில்தான். அந்த ஆற்றுவழியே நடந்த தோல் வணிகத்தில், பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோல் குளிருக்கு மேலங்கி தைக்கவே ஐரோப்பாவுக்குப் போனது என்று அது சொல்கிறது. உண்மையில் அந்த வணிகத்தைத் தாங்கி நின்றது தொப்பி. பீவரின் நீண்ட மேல்மயிருக்கு அடியிலுள்ள குறுமயிரில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால், வெப்பமும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால், தறியும் நூலும் இல்லாமலே அது இறுகி ஃபெல்ட் என்ற கெட்டித் துணியாகிவிடும். பழங்குடி மக்கள் உடுத்திப் பழகிய தோலாடைகளில் மேல்மயிர் தேய்ந்து உதிர்ந்திருக்கும் என்பதால் தொப்பி செய்பவர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். வேட்டையாடி, தோலைப் பதப்படுத்தி, ஆற்றுவழியே படகில் கொண்டுவந்து சேர்த்த கிரீ என்ற பழங்குடி மக்களைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

தோல் வணிகம் செய்த ஆங்கிலேய நிறுவனமான ஹட்சன் விரிகுடா கம்பெனி 1684-ல் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் அமைத்த யார்க் ஃபேக்டரி என்ற வணிகக் கோட்டை 1957 வரை இயங்கியது. இன்றும் அங்கே போகச் சாலை கிடையாது.

நம் கரையோடு அதற்குள்ள உறவையும் கடை தவறவிட்டிருக்கிறது. டச்சுக்காரர் 1693-ல் பிடித்த புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தரச் செய்த ரைஸ்விக் உடன்படிக்கை 1697 செப்டம்பரில் கையெழுத்தானது. அதே மாதத்தில்தான் திபெர்வில் என்ற பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து யார்க் ஃபேக்டரியைக் கைப்பற்றினார். 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. சில மாதங்களில், அமெரிக்க விடுதலைப் போரையொட்டி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த அதே போரின் மறுமுனையில், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லாபெரூஸின் கப்பல்கள் ஹட்சன் விரிகுடாவுக்குள் நுழைந்து யார்க் ஃபேக்டரியைக் கொளுத்தின. புதுச்சேரியில் விற்கும் வரைபடத்துக்கு இதைவிடப் பொருத்தமான குறிப்பு வேறென்ன இருக்க முடியும்?

இவற்றைச் சொன்னபோது கடைக்காரர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த அச்சில் குறிப்பேட்டைத் திருத்துவதாகவும் சொன்னார். படத்தைத் தயங்காமல் வாங்கலாம். கடலோர வீடுகளில் மாட்டுவோர் பின்பலகையை ஈரம் புகாதபடி ஒட்டித்தரச் சொல்லிக் கேட்பது நல்லது. கேட்டால் கூடுதல் கட்டணமின்றிச் செய்து தருகிறார்கள்.