மூணு வருஷ பாஸ், ரெண்டு காது

போன வாரம் அண்ணி போன் பண்ணாங்க. "நீதான் மாசாமாசம் அந்த பார்க்குக்கு போறியே, இப்ப டிக்கெட் ரேட்ட குறைச்சு ஆஃபர் போட்டிருக்கானாம், உன் மருமகள அந்த தலைகீழா போற ரைடுல ஏத்தலாமா, லாக்கெல்லாம் ஒழுங்கா இருக்குமா?" அரை மணி நேரம் பேசியும் எனக்கு சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன். பார்க் பேரு வேணாம், நம்மூர்காரங்களுக்கு எது வேணாலும் இருக்கலாம்னு விட்டுடுங்க.

முதல்ல லாக். அண்ணி, அத பத்தி பயமே வேணாம். தோள் மேல இருந்து இறங்கற கம்பி, அதுக்கு கீழ பல்சக்கரம் மாதிரி ஒண்ணு, க்ளிக் க்ளிக்னு ஒவ்வொரு பல்லா பிடிச்சுக்கும், கீழ இறங்கும், ஆனா தானா மேல வராது. அது போதாதுன்னு கம்பியையும் சீட்டையும் சேத்து ஒரு பெல்ட் வேற. அங்க வேலை பாக்கற பசங்க வந்து ஒவ்வொரு சீட்டையும் மேல இழுத்து பாப்பாங்க, கீழ ஒரு அமுக்கு அமுக்குவாங்க, அப்புறம் இன்னொருத்தன் வந்து அதையே திரும்ப செய்வான். எல்லா சீட்டும் பூட்டியாச்சுன்னு சிக்னல் வந்தாதான் வண்டி நகரும். ஒரு தடவ என் பையன் சீட்டுல சிக்னல் வரல, எல்லாருக்கும் லாக்க திறந்து முதல்லேருந்து பூட்டினாங்க, பின்னாடி க்யூல நின்னவங்க முனகினாங்க, நான் மட்டும் கை தட்டினேன். 2022 மார்ச்ல அமெரிக்கால ஆர்லாண்டோல ஒரு 14 வயசு பையன் டவர் ரைடுலேருந்து விழுந்து செத்துப்போனான்ல, அங்க தோள் கம்பி மட்டும்தான், பெல்ட் கிடையாது, அவன் உக்காந்த சீட்டோட சென்சார, கம்பி வழக்கத்த விட ஜாஸ்தி விரிஞ்சிருந்தாலும் ஓகே காட்டற மாதிரி மாத்தி வெச்சிருந்தாங்க. அத படிச்சதுலேருந்து ஒரு பையன் "அக்கா இன்னொரு க்ளிக்"னு அமுக்கினா நான் மூச்சு முட்டினாலும் வாய தொறக்கறதில்ல.

சரி, இப்ப என் காது.

என் உயரம் 152 செ.மீ. அந்த தோள் கம்பியில கழுத்துக்கு ரெண்டு பக்கமும் கருப்பா ரப்பர் மாதிரி ஒரு பேட் இருக்குல்ல, அது என் வீட்டுக்காரருக்கு தோள்ல உக்காருது. எனக்கு கரெக்டா காதுக்கு நேரா. வண்டி முறுக்கற இடத்துல உடம்ப சீட்டு பிடிச்சுக்குது, தலைய பிடிக்க யாரும் இல்ல, அது பாட்டுக்கு இடது வலதுன்னு போய் டங் டங்னு இடிக்குது. முதல் வருஷம் தோடு போட்டுட்டே ஏறிட்டேன். திருகாணி காதுக்கு பின்னாடி எலும்புல போய் குத்தினது பாருங்க, இறங்கினப்போ ரத்தம் வரல, ஆனா ரெண்டு நாள் அந்த பக்கம் தலையணையில படுக்க முடியல. இது போதாதுன்னு அந்த ரைடு முன்னாடி போய் மூணு தடவ கவுத்துட்டு, அதே வழியா பின்னாடியும் மூணு தடவ கவுக்கும். முன்னாடி போறப்பவாவது அடுத்து எந்த பக்கம்னு பாத்து தலைய முன்னக்கூட்டியே சாச்சுக்கலாம், பின்னாடி வரும்போது ஒண்ணும் தெரியாது, அடி வாங்கின அப்புறம்தான் ஓ இடது பக்கமான்னு புரியும்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, தலைகீழா போறதுக்கு அந்த தோள் கம்பி அவசியம்னு நானும் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், எல்லா ரைடுக்கும் அப்படி இல்ல. பக்கெட்டுல தண்ணிய வெச்சு வேகமா சுத்தினா கொட்டாதுல்ல, அதே கதைதான், லூப்புல போகும்போது நம்மள சீட்டோடதான் அமுக்குது. கலிபோர்னியால மேஜிக் மவுண்டன்ல 1976லயே ரெவல்யூஷன்னு ஒரு ரோலர் கோஸ்டர் வந்துச்சு, முழு வட்டம் அடிக்கும், ஆரம்பத்துல வெறும் மடி மேல வர்ற கம்பிதான். அப்புறம் தோள் கம்பிய மாட்டினாங்க, தலை இடிக்குதுன்னு ஜனங்க புலம்பல், 2016ல தோள் கம்பிய எடுத்துட்டு பழையபடி மடி கம்பியே போட்டாங்க. ஓஹையோல கிங்ஸ் ஐலண்ட்ல ஃப்ளைட் ஆஃப் ஃபியர்னு இன்னொண்ணு, நாலு தடவ கவுக்கும், 2001லயே தோள் கம்பிய கழட்டிட்டாங்க. 2011ல இத்தாலி கார்டாலாண்ட்ல ராப்டர்னு ஒண்ணு, அதுல கம்பிக்கு பதிலா சட்ட மாதிரி மெத்துன்னு நெஞ்சோட ஒட்டி நிக்கற ஜாக்கெட். எல்லா டிசைனுக்கும் மடி கம்பி ஒத்து வராதுன்னு எனக்கும் தெரியும், எஞ்சினியர் சொன்னா கேட்டுக்கறேன். ஆனா காது எங்க இருக்குன்னு பாத்து பேட வைக்கறதுக்கு என்ன எஞ்சினியரிங்?

ரெண்டு மாசம் முன்னாடி அந்த ரைடுக்கு மெயின்டனன்ஸ்னு போர்டு மாட்டி மூடிட்டாங்க. திறந்தப்போ புது பேடு, புது கவரு, பளபளன்னு இருக்கு. எனக்கு கண்ணுல தண்ணி வராத குறை, மூணு வருஷமா ஃபீட்பேக் ஃபார்ம்ல காது காதுன்னு எழுதினது வீண் போகலன்னு நம்பி ஏறினேன். பழைய பேடாவது ஆயிரம் தலை இடிச்சு இடிச்சு கொஞ்சம் நைஞ்சு போய் இருந்துச்சு. இது கல்லு. உரல்ல தலைய விட்ட மாதிரி இருந்துச்சு. இறங்கினதும் அங்க நின்ன பையன் "எப்படிக்கா இருந்துச்சு புது சீட்டு"ன்னு ஆசையா கேட்டான், அவன் முகத்த பாத்து திட்ட மனசு வரல, சூப்பர் தம்பின்னு சொல்லிட்டு வந்து ஜூஸ் கடையில ஐஸ் வாங்கி காதுல வெச்சுக்கிட்டேன்.

மத்த ரைடெல்லாம் குறை இல்ல. டவர்ல கம்பி நெஞ்சோட ஒட்டி நிக்குது, தலை ஆட இடமே இல்ல, அதுல நான் எத்தன தடவ வேணாலும் ஏறுவேன். ராட்டினக் கப்பலுக்கு மடி கம்பி ஒண்ணுதான், எல்லாருக்கும் சேத்து ஒரே கம்பி, பக்கத்துல குண்டா ஒருத்தர் உக்காந்தா அவர் தொப்பையில கம்பி நின்னுடும், ஒல்லியா இருக்கற நமக்கு அரை அடி கேப்பு, அங்க மட்டும் ஆள் பாத்து உக்காருங்க. அப்புறம் மதியம் ரெண்டு மணிக்கு கருப்பு ரெக்சின் சீட்டுல உக்காந்தா தோசக்கல்லுதான், காலையில பதினொண்ணுக்குள்ள வெயில்ல இருக்கறதெல்லாம் முடிச்சுடுங்க. தாலி செயின மறந்துடாதீங்க, தலைகீழா போனப்போ எனக்கு பல்லுலயே வந்து அடிச்சிருக்கு, பின் குத்தி உள்ள விட்டுடணும். துப்பட்டாவ அவங்களே வாங்கி வெச்சுடுவாங்க, அதுல ரொம்ப கண்டிப்பு, நல்லது.

மார்க் போடுன்னா லாக்குக்கு பத்துக்கு ஒன்பதரை, வேலை பாக்கற பசங்களுக்கு பத்துக்கு பத்து. அந்த ரைடுக்கு ரெண்டு, ஒரு காதுக்கு ஒண்ணு. பாஸ் இந்த மாசத்தோட முடியுது, பாதி விலைக்கு தர்றேன்னு மெசேஜ் மேல மெசேஜ், நான் புதுப்பிக்கப் போறதில்ல. அவ்ளோ பத்திரமா இருக்கற எடத்துக்கு ஏன் போகலன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, கடுப்பா இருக்கு, அவ்ளோதான்.

என் பையன்தான் முறைக்கறான். ரெண்டு வருஷம் முன்னாடி அவனும் என்கூட சேந்து காத பிடிச்சுட்டுதான் இறங்குவான். இப்ப 168 ஆயிட்டான், பேடு அவனுக்கு தோளுக்கு வந்துடுச்சு, போன தடவ இறங்கினதும் "இதுல என்னம்மா வலி இருக்கு"ன்னு கேக்கறான், எனக்கு வந்த கோவத்துக்கு!

அதனால அண்ணி, மருமக உயரத்த சுவத்துல நிக்க வெச்சு அளந்து சொல்லுங்க. 140க்கு கீழன்னா அவங்களே விடமாட்டாங்க, பிரச்சனை இல்ல. 160க்கு மேலன்னா தாராளமா ஏறட்டும். நடுவுல இருந்தா பின்மண்டைய சீட்டோட அழுத்தி வெச்சுக்க சொல்லுங்க, தோட கழட்டி உங்க பர்ஸுல போடுங்க, திருகாணிய தனியா ஒரு கர்ச்சீஃப்ல முடிஞ்சு வைங்க, போன தடவ எனக்கு ஒண்ணு தொலைஞ்சுடுச்சு.