வாசிப்பைக் கேட்க வந்த மணி: ஆரம்பப் பாடசாலைக்கு வரும் நாய்ச் சேவை பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எங்கள் ஆரம்பப் பாடசாலையின் தரம் 3 வகுப்புக்கு, சென்ற இரண்டாம் தவணை முழுவதும், வியாழக்கிழமை தோறும் பயிற்றப்பட்ட நாய் ஒன்று வந்து போனது. உளவளத்துணையாளர் ஒருவரும் கால்நடை வைத்தியர் ஒருவரும் சில தொண்டர்களோடு சேர்ந்து நடத்துகின்ற சிறிய சேவை இது. வகுப்பாசிரியையாக அருகிலிருந்து பார்த்தவற்றை, இதே சேவையை அழைக்க எண்ணும் அதிபர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தொடங்குமுன் நடந்த பெற்றோர் கூட்டத்தைத்தான் இச்சேவையின் முதற் சிறப்பாகச் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் வைரவர் கோயில் இல்லாத ஒழுங்கை அரிது. அவருடைய வாகனமான நாயைக் கும்பிட்டு வளர்கின்ற அதே பிள்ளைதான், கட்டாக்காலி நாயைக் கண்டதும் கல்லை எடுக்கிறது. ஒரு தந்தை எழுந்து, "விசர்நாய்க்கடிக்குப் பயந்து, நாயைக் கண்டால் தள்ளி ஓடு என்று சொல்லித்தான் ரீச்சர் பிள்ளையை வளர்த்தனான்" என்றார். அவருடைய அச்சத்தை யாரும் அறியாமை என்று ஒதுக்கவில்லை. மணி என்ற அந்த லாப்ரடோர் கலப்பு நாயின் தடுப்பூசி அட்டையைக் கையிலே கொடுத்து வாசிக்கச் செய்தார்கள்; சம்மதக் கடிதம் தராத பிள்ளைக்கு அந்த நேரத்தில் வேறு செயற்பாடு உண்டு என்றும், நாயைத் தொட விரும்பாத பிள்ளையை யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்றும் உறுதி சொன்னார்கள். சமய காரணத்துக்காக நாயைத் தொடாத குடும்பத்துப் பிள்ளை ஒருவன், தவணை முழுவதும் ஒரு தொண்டருக்குக் கதை வாசித்துக் காட்டினான். அவனும் மற்றவர்களைப் போலவே வியாழனை எதிர்பார்த்திருந்தான்.

இந்த முறையின் வரலாற்றையும் அன்று சுருக்கமாகச் சொன்னார்கள். அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன்னுடைய நாயான ஜிங்கிள்ஸுடன், பிறரோடு ஒட்டாத சிறுவன் ஒருவன் பழகத் தொடங்கியதைக் கவனித்து, நாயைத் துணைச் சிகிச்சையாளராகக் கருதலாம் என்று 1962இல் எழுதினார். பிள்ளைகள் நாய்க்கு வாசித்துக் காட்டும் திட்டம் 1999இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் தொடங்கியது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரங்களுக்கு வாரம் இருமுறை 20 நிமிடம் நாயுடன் இருந்த பிள்ளைகளின் உமிழ்நீரில், மன அழுத்தத்தைக் காட்டும் கோர்ட்டிசோல், நாயுடன் பழகாத பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்ததோ வாரம் ஒருமுறை மட்டும். ஆகையால் அதே பயனை எதிர்பார்ப்பது முறையல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முதல் நாள் சரியாக அமையவில்லை. இருபத்தேழு பிள்ளைகளும் ஒரே வேளையில் சூழ்ந்துகொள்ள, மணி முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டது. அது சோம்பல் அல்ல, நாய் தாங்க முடியாமல் தவிப்பதன் அடையாளம் என்று சொல்லி, பொறுப்பாளர் சில நிமிடங்களிலேயே அதை வெளியே அழைத்துச் சென்றார். ஏமாந்த பிள்ளைகள் முகம் வாடினாலும், நாய்க்கும் "போதும்" என்று சொல்லும் உரிமை உண்டு என்பதை அன்றே கற்றார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து, விறாந்தையில் பாய் விரித்து, இருவர் இருவராக, பத்து நிமிடம் என்று முறை மாறியது. இதன் உண்மையான பெறுமதியை அங்கேதான் கண்டேன். வகுப்பில் வாசிக்க எழும்பினால் முதற் சொல்லிலேயே தடக்கி நின்றுவிடும் மாணவி ஒருத்தி, இரண்டு வாரம் மணியின் காதைத் தடவியபடி பேசாமல் இருந்தாள். மூன்றாம் வாரம் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாள். சொல் வராத இடத்தில் அவள் நின்றபோது யாரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. மணி முன்னங்காலில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. அவள் மூச்சை இழுத்து அதே வரியை மீண்டும் தொடங்கினாள். பத்தாண்டுகளாகக் கற்பிக்கும் நான், பிள்ளை சொல்லை எட்டுமுன்னரே அதைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவணை முடிவில் ஒரு பந்தியை, இரண்டு இடங்களில் நின்று, வகுப்பின் முன் வாசித்து முடித்தாள். மாலையில் அவளோடு இருந்து வாசித்த அம்மம்மாவுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் கேட்பவர் திருத்தாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்குக் காட்டியது அந்த நாய்.

மற்றொரு பயனை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. தெருவில் அறியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கண்ணோடு கண் பாராமல், கைகளை ஒடுக்கி மரம்போல நிற்கவும், கடி பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவும் பிள்ளைகளைச் செய்துகாட்ட வைத்தார்கள். விசர்நாய்க்கடி நோய்க்குறிகள் தோன்றிய பின் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது என்பதால், அடிக்குப் பயந்து வீட்டில் கடியை மறைக்காதீர்கள் என்று அவர்கள் அழுத்திச் சொன்னதற்காகவே நான் நன்றி பாராட்டுவேன்.

குறைகள் மூன்று. சோளகக் காற்றுப் புழுதியோடு வீசும் காலத்தில், காலை பதினொரு மணிக்கு வந்தால் நாய்க்கு மூச்சிரைக்கிறது; நாங்கள் கேட்டும் நேரத்தை மாற்ற நான்கு வாரம் எடுத்தார்கள். இரண்டாவது, பாரதூரமானது. மணியின் காதுக்குள் ஒரு மாணவன் சொன்ன வீட்டுத் துயரம் ஒன்று அருகிலிருந்த தொண்டருக்கும் கேட்டது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாள் தவித்த பின்னரே அவர் என்னிடம் வந்தார். பிள்ளைகள் நாயிடம் மனந்திறப்பார்கள் என்று நம்பி நடத்தும் சேவைக்கு, அவ்வாறு திறக்கும்போது என்ன செய்வது என்ற எழுத்து நடைமுறை முதல் நாளே இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, கடைசி வியாழன் விடுமுறையாகிப் போனதால், விடைபெறாமலே தவணை முடிந்தது. சொல்லாமல் போனவர்களைப் பற்றிய கதைகள் வீடுதோறும் இருக்கின்ற ஊரில், பிள்ளையைக் காத்திருக்க விடுவது சிறிய விடயம் அல்ல.

கட்டணம் இல்லை, போக்குவரத்துச் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்றது. மீண்டும் அழைக்க விரும்புகிறோம். காலை எட்டு மணிக்கு முன் வருகை, முன்கூட்டியே குறித்த விடைபெறும் நாள், எழுத்து நடைமுறை ஆகியவற்றைக் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். முதலிரண்டுக்கும் உடனே இணங்கினார்கள். மூன்றாவதை மாத இறுதிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது கைக்குக் கிடைத்த பின்னரே நாளைக் குறிப்பதென்று அதிபர் உறுதியாக இருக்கிறார்; நானும் அவ்வாறே.