ஸ்கிரமா, கான்பானா: எது நிலைத்து நிற்கிறது?

எங்கள் அணியில் ஏழு பேர். மூன்று வருடம் ஸ்கிரம் செய்தோம், இப்போது இரண்டு வருடமாகக் கான்பான். இரண்டும் அணியின் வேலையை ஒழுங்குபடுத்தும் முறைகள்: ஸ்கிரமில் வேலையைக் குறுகிய தவணைகளாகப் பிரித்துச் செய்வார்கள். கான்பானில் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டாகப் போர்டில் பத்தி பத்தியாக நகரும், ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பராமரித்து வளர்ப்பதுதான் வேலை. அந்த அனுபவத்தில் என் ஓட்டு கான்பானுக்கு.

எதைத் தொடங்குவது சுலபம், எந்தக் கருவி நல்லது என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஒரு வருடம் கழித்தும் அணி அதைச் செய்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்வது கெட்ட வாரங்கள்.

ஸ்கிரமில் ஒரு தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். இரண்டு வார ஸ்பிரிண்டுக்குப் பன்னிரண்டு வேலை எடுத்திருப்போம். மூன்றாம் நாள், பயனாளர் கையில் ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷனில் ஒரு பிழை வரும், மூன்று பேர் அதில் இறங்கிவிடுவார்கள். கடைசி நாளில் ஐந்து வேலை மிச்சம். நேரமில்லை என்று முதலில் கைவிடுவது ரெட்ரோவைத்தான், அதாவது எதை மாற்றிக்கொள்ளலாம் என்று தவணை முடிவில் அணி திரும்பிப் பார்க்கும் கூட்டத்தை. அது போனபின் எதுவும் திருந்தாது, மற்ற கூட்டங்களுக்கும் யாரும் மனதோடு வரமாட்டார்கள். ஸ்பிரிண்டில் எடுப்பது வாக்குறுதி இல்லை, முன்கணிப்புதான் என்று ஸ்கிரம் கையேட்டில் 2011-லேயே மாற்றிவிட்டார்கள். எங்கள் மேலிடமோ அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது. நாங்களும் பயந்துபோய் மதிப்பீடுகளைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தோம்.

கான்பானில் அதே பிழை வந்தால் போர்டில் ஒரு கார்டு மேலே ஏறும், அவ்வளவுதான். சரிசெய்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கெட்ட வாரத்துக்குப் பிறகு மீண்டும் பழக்கத்துக்குத் திரும்ப ஆகும் செலவு மிகக் குறைவு.

விடாமல் காக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கையில் உள்ள வேலைக்கான வரம்பு. ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதிப்படி, சராசரியாக நாளுக்கு ஒரு வேலை முடிக்கும் அணியின் கையில் 6 வேலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 6 நாள் ஆகும். 18 இருந்தால் 18 நாள். எங்கள் டெஸ்டிங் பத்தியில் மூன்று கார்டுதான் இருக்கலாம். ஒருமுறை அது நிரம்பியபோது, புது வேலை எடுக்க முடியாத டெவலப்பர் ஒருவர் டெஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சோதனைத் தரவை ஒவ்வொரு தடவையும் கையால் உருவாக்குகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று மாலையே அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். வரம்பு இல்லையென்றால் அந்த நாற்காலிக்கு அவர் போயிருக்கவே மாட்டார். அப்புறம் ஒரு நெருக்கடியில் ‘இந்த ஒரு வாரம் மட்டும்’ என்று வரம்பை ஐந்தாக்கினோம். திரும்ப மூன்றுக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது.

புதிதாக ஒன்றை அடியிலிருந்து கட்டும் அணிக்கு, ஸ்பிரிண்ட் முடிவில் பயனாளரிடம் காட்டும் நாள் அவசியமாக இருக்கலாம். அங்கே நான் கான்பான் செய்து பார்த்ததில்லை. பல அணிகள் சேர்ந்து செய்யும் வேலையிலும் இல்லை.

ரெட்ரோவை மட்டும் ஸ்கிரமிலிருந்து எடுத்துவந்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு மாற்றம். அதற்கும் போர்டில் ஒரு கார்டு உண்டு, அதுவும் வரம்புக்குள்தான்.