மூன்று மொழிப் பலகைக்கு ஜிம்ப் 3.0 தாங்குமா?

பெங்களூரில் கடைப் பலகை வடிவமைப்பு என்றாலே லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத் தாள்கள், மும்மடங்கு. 2024 சட்டத் திருத்தப்படி 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல்பகுதியில். கூடவே ஆங்கிலம். கடை அல்சூர்ப் பக்கம் என்றால் தமிழும் கேட்பார்கள். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0 என்ற படத்திருத்த மென்பொருள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். காசும் கிடையாது.

பெரிய மாற்றம், கண்ட்ரோலை அழுத்திக்கொண்டே பல லேயர்களைத் தேர்ந்தெடுக்க முடிவது. லேயர்களைப் பிணைக்க முன்பிருந்த சங்கிலிக் குறி போய்விட்டது, நல்லதாயிற்று. மொழிக்கு ஒரு லேயர் குரூப் வையுங்கள். ஒரு கண் குறியைத் தட்டினால் அந்த மொழி முழுக்க மறையும். மூன்று குரூப்பிலும் சிதறிக் கிடக்கும் போன் நம்பர்களை ஒரே லேயர் செட்டாகப் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். அடுத்த முறை ஒரு தட்டில் எல்லாம் தேர்வாகிவிடும். பெயரில் ஒரு பகுதியை வைத்துத் தேடவும் வழி உண்டு.

ஆனால் பெயர் ஒழுங்காக இருந்தால்தான் தேடல் பயன்படும். எழுத்து லேயருக்கு ஜிம்ப் தானே பெயர் வைக்கும். அடித்த வாசகமே பெயர். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான். உடனே எஃப்2 தட்டி "தமி-தலைப்பு", "கன்-முகவரி" என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டு இடத்தில் சறுக்கும். மூவ் கருவி, வழக்கமான அமைப்பில், சுட்டிக்குக் கீழே கிடைக்கும் லேயரைத்தான் இழுக்கும். தேர்ந்தெடுத்தவை நகர ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுத்தை ஸ்கேல் கருவியால் இழுத்துப் பெரிதாக்கினால், பிறகு வாசகத்தைத் திருத்தும்போது அந்த அளவு போய்விடும். எழுத்தளவை மட்டும் கூட்டுங்கள். வெள்ளை விளிம்புக்குத் தனி லேயர் இனித் தேவையில்லை, எழுத்துக் கருவியிலேயே அவுட்லைன் இருக்கிறது.

10க்கு 4 அடி ஃபிளெக்ஸ், 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) என்றால் முழு அளவு லேயர் ஒன்றே சுமார் 120 எம்பி நினைவகம் தின்னும். சின்ன லோகோவுக்கு அது எதற்கு? லேயர் மெனுவில் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெட்டும் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பலவீனம், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாக மாற்றுவது. குரூப்கள் போய்ச் சேரும், எழுத்து வெறும் படமாகிவிடும். சுல்தான்பேட்டை அச்சகத்துக்கு டிஃப் படக்கோப்பைக் கொடுத்துவிட்டு, ஜிம்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் நம்பர் மாறியதென்று வாடிக்கையாளர் திரும்பி வருவார்.