கூகுள் வரைபடத்தில் உங்கள் கடை யார் பெயரில் இருக்கிறது?

கூகுள் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு சிறு கடைக்காரர்களை அழைத்து, "உங்கள் கடையின் பதிவு இன்னும் சரிபார்க்கப்படவில்லை, கட்டணம் செலுத்தாவிட்டால் வரைபடத்திலிருந்து நீங்கிவிடும்" என்று அச்சுறுத்தும் முகவர்கள் இப்போது ஊர் ஊராக வலை விரிக்கிறார்கள். சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை விற்கும் எங்கள் கடைக்கும் அப்படியோர் அழைப்பு வந்தது. ஆண்டுக் கட்டணமாக 24,000 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பெற்றுக்கொண்டு, புடவைக் கடை என்று யார் தேடினாலும் முதலிடம் எங்களுக்கே என்று உறுதியளித்தார்கள்.

கடைகளை வரைபடத்திலும் தேடலிலும் காட்டும், கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று இன்று அழைக்கப்படும் இந்தச் சேவைக்கு (2021 வரை கூகுள் மை பிசினஸ்) கட்டணமே கிடையாது. வாடிக்கையாளர் தேடும் பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், கடை இருக்கும் தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் கொண்டே வரிசை அமைகிறது என்றும், பணம் கொடுத்து அதில் முன்னேற வழியில்லை என்றும் கூகுளே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. ஆகவே முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறவர் யாராயினும், தம்மிடம் இல்லாத பொருளை விற்கிறார்.

பணத்தைவிடப் பெரிய சேதம் பின்னால் வந்தது. எங்கள் கடைப் படியை மிதித்தே இராத பெயர்களில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் வரிசையாக விழுந்தன. அவற்றில் பாதி, நாங்கள் விற்காத பட்டுப் புடவைகளின் சரிகையைப் புகழ்ந்தன. பிறகு கூகுள் அவற்றை மொத்தமாக நீக்கியபோது, நீண்டகால வாடிக்கையாளர்கள் சிலர் உண்மையாகவே எழுதியிருந்தவையும் சேர்ந்து போயின. இதற்கிடையில், முதல் சலவையில் சாயம் இறங்கி மற்ற துணிகளும் கெட்டுவிட்டதாக ஓர் அம்மா வருத்தத்தோடு எழுதியிருந்த குறைக்கு, முகவரின் தானியங்கிப் பதில், "உங்கள் அன்பான ஆதரவுக்கு நன்றி, மீண்டும் வருக" என்று இருந்தது. முதல் முறை தனியாக அலச வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லி, புடவையை மாற்றித் தந்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கக்கூடிய மனக்கசப்பு அது. குறை சொல்ல முன்வந்த வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் பொறுப்பை, புடவையைத் தொட்டுப் பார்த்திராத ஒருவரிடம் விடக்கூடாது.

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கேட்டபோதுதான் முழுக் கதையும் வெளிப்பட்டது. சரிபார்ப்புக்கென்று எங்களிடமிருந்து வாங்கிய குறியீட்டைக் கொண்டு, முதன்மை உரிமையாளராகத் தங்கள் மின்னஞ்சலையே பதிந்து வைத்திருந்தார்கள். கடையின் தொலைபேசி எண் இருந்த இடத்தில் அவர்களுடைய எண் இருந்தது. உரிமையைத் திருப்பித் தர மேலும் பணம் கேட்டார்கள். அதுவரை புடவை விசாரித்து அழைத்தவர்கள் யாரிடம் பேசினார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இந்நிலையில் இருப்பவர்கள் மேலும் பணம் கட்ட வேண்டியதில்லை. வரைபடத்தில் கடையின் பதிவைத் திறந்து உரிமை கோரும் விண்ணப்பத்தை அனுப்பினால், இப்போது வைத்திருப்பவருக்குப் பதிலளிக்க மூன்று நாள் அவகாசம் தரப்படுகிறது. அவர் பேசாமல் இருந்தால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரக்கூடும், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். கடையின் பெயர்ப்பலகை தெரியும் படம், ஜிஎஸ்டி சான்று, மின் கட்டண ரசீது ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்களுக்கு உரிமை மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. உதவிக்கு ஆள் தேவைப்பட்டால், உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு அவரை மேலாளராக மட்டும் சேர்க்கலாம். கூகுளில் விளம்பரம் கொடுப்பதானால் அந்தக் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்; விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, முகவர் கூலி எவ்வளவு என்பது அப்போதுதான் ரூபாய் கணக்கில் தெரியும். எங்களுக்குக் கிடைத்த ரசீதில் "டிஜிட்டல் சேவை" என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

தொலைபேசி வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பணம் பறிபோனவுடன் இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். முகவருடன் நடந்த வாட்ஸாப் உரையாடலையும் அழைப்புப் பதிவையும் அழிக்காதீர்கள். கைபேசி மாற்றுவதாக இருந்தால் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.