6.5 கிரெண்டலும் 6.8 எஸ்பிசியும்

அமெரிக்காவில் ஏஆர்-15 துப்பாக்கியுடன் வெண்வால் மான் வேட்டைக்குச் செல்வோர் பலர் 6.5 கிரெண்டல், 6.8 எஸ்பிசி ஆகிய இவ்விரு தோட்டாக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பழைய .30 ரெமிங்டன் தோட்டாவின் கூட்டிலிருந்து (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோக உறை) உருவான 6.8 எஸ்பிசி, குட்டைக் குழலிலும் நல்ல வேகம் தருவதால், 200 கஜத்துக்குட்பட்ட அடர்காட்டு வேட்டைக்குப் பொருந்தும். பில் அலெக்சாண்டர் உருவாக்கிய 6.5 கிரெண்டலின் கூடு குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், 123 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள நீண்டு ஒடுங்கிய குண்டையும் மேகசினின் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) நீளத்துக்குள் அடக்க முடிகிறது. அக்குண்டு காற்றில் வேகத்தை மெதுவாகவே இழப்பதால், தொலைவு கூடக்கூட அது முந்துகிறது.

வெற்றுக் கூட்டில் மருந்தும் குண்டும் இட்டுத் தாமே தோட்டா நிரப்புவோருக்கு நான் கிரெண்டலையே பரிந்துரைப்பேன். 6.5 மி.மீ. குண்டுகள் பல எடைகளில் கிடைக்கின்றன, 6.8-க்குரிய .277 அங்குலக் குண்டுகளிலோ பல, .270 வின்செஸ்டர் என்னும் பெரிய தோட்டாவுக்கென நீளமாகச் செய்யப்பட்டவை என்பதால் இக்கூட்டுக்கு ஒவ்வுவதில்லை. ஆயினும், கிரெண்டலின் அகன்ற அடிப்பகுதிக்காக போல்ட்டின் (சுடும்போது தோட்டாவின் அடியைத் தாங்கிப் பூட்டும் பாகம்) முகப்பு அதிகம் குடையப்பட்டு அதன் விளிம்பு மெலிவதால், நிரப்புபவர் மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தின் எல்லையை ஒருபோதும் மீறலாகாது.